மூன்று தடவை கடைந்த டிரம்

எனக்குக் கோபம் அதிகம். அருப்புக்கோட்டையில் பந்தல்குடி ரோட்டில் பட்டறை வைத்திருக்கிற ஜமால் மைதீன் என்று விசாரித்தால், வேலை தெரிந்த ஆள், ஆனால் கிட்டப் போனால் கடித்துவிடுவான் என்றுதான் சொல்வார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும். நான் பார்த்து அனுப்பிய வண்டி அதே கோளாறோடு திரும்பி வந்தது என்று மட்டும் எவனும் சொன்னதில்லை. எழுபத்திரண்டாம் வருஷக் கோடையில் சென்னய்யா செட்டியாரின் கார் அந்தப் பேரையும் கெடுத்தது.

செட்டியார் நூல் கொடுத்துச் சேலை வாங்கும் வியாபாரி. திருச்சுழிப் பக்கம் நாலைந்து கிராமங்களில் அவருக்குத் தறி ஓடியது. அவருடைய அப்பா காலத்தில் மாட்டு வண்டியில் போய் வந்தார்கள். இவர் அந்த வருஷம் தை மாதம் மதுரையில் ஒரு டாக்டரிடமிருந்து பழைய அம்பாசடர் ஒன்றை வாங்கினார். கார் ஓட்ட அவருக்குத் தெரியாது. குமாரலிங்கபுரத்து நல்லமுத்துவை டிரைவராக வைத்துக்கொண்டார். மூன்று பிள்ளைக்காரன். பீடி கிடையாது, வெற்றிலை கிடையாது. யாராவது அதட்டினால் தப்பு தன்னுடையதுதான் என்று உடனே ஒத்துக்கொள்ளும் பிறவி.

மாசிக் கடைசியில் முதல் தடவை வண்டியைக் கொண்டுவந்தான்.

"பாய், பிரேக்க மிதிச்சா பெடலு திருப்பி உதைக்குது. வண்டி தூக்கித் தூக்கிப் போடுது."

நானே எடுத்து ஓட்டிப் பார்த்தேன். நாற்பதில் போய் மிதித்தால் உள்ளங்காலில் படபடவென்று அடித்தது. வேகம் குறையக் குறைய அடியும் நிதானமாகி, நிற்கப் போகும்போது ஒவ்வொன்றாக எண்ணலாம் போல வந்தது. சக்கரம் சுற்றுகிற கணக்குக்கு அடிக்கிறது என்றால் கோளாறு சக்கரத்தில்தான். எந்தச் சக்கரம்? மறுபடி வேகம் எடுத்து, பெடலைத் தொடாமல் கைப்பிரேக்கை மட்டும் மெதுவாக இழுத்தேன். கைப்பிரேக் பின்சக்கரத்தைத்தான் பிடிக்கும். ஆட்டமே இல்லாமல் நின்றது. ஆக, பின்சக்கரம் நல்ல சக்கரம். முன்னால் இரண்டும்தான் சந்தேகம்.

ஜாக்கி போட்டு முன்சக்கரத்தைத் தூக்கி, இரண்டு கையாலும் பிடித்து ஆட்டினேன். பேரிங்கில் ஆட்டம் இல்லை. சக்கரத்தோடு சேர்ந்து சுற்றுகிற டிரம்மில், உள்ளிருந்து அழுத்திப் பிடிக்கிற பிரேக் ஷூ லேசாக உரசும் வரை அட்ஜஸ்டர் திருகை இறுக்கிவிட்டுச் சக்கரத்தைக் கையால் சுற்றினேன். டிரம் வட்டமாக இருந்தால் சுற்று முழுக்க ஒரே மாதிரி உரச வேண்டும். இது ஒரு சுற்றுக்கு இரண்டு இடத்தில் 'சர்' என்று பிடித்தது, மற்ற இடத்தில் சத்தமே இல்லை. இரும்பு டிரம் கோழிமுட்டை மாதிரி நீண்டிருந்தது. நீண்ட இடம் வரும்போது ஷூ வெளியே போகும், குறுகிய இடம் வரும்போது உள்ளே தள்ளப்படும். ஷூ தள்ளுகிற ஆயில் பைப் வழியாகத் திரும்பி வந்து பெடலை உதைக்கும். இவ்வளவுதான் விஷயம். இரண்டு டிரம்மையும் லேத்தில் கொடுத்து, உள்பக்கம் வட்டமாகும் வரை கடைந்து வாங்கி மாட்டினேன். வெண்ணெய் மாதிரி நின்றது.

இருபது நாளில் திரும்பி வந்தான். அதே உதை. எனக்கு மானம் போன மாதிரி இருந்தது. அவனைப் பிடித்துக் கத்தினேன்.

"வண்டிய என்னலே பண்ற? ஒண்ணு விடாமச் சொல்லு."

"ஒண்ணும் பண்ணல பாய். திருச்சுழிக்குப் போறேன், வாரேன். முதலாளி பின்னாடி இருந்து மெதுவா, மெதுவான்னு சொல்லிக்கிட்டே வருவாக. அதுனால பிரேக்குலயே கால வச்சிருக்கேன். கால எடுத்தா கத்துறாக."

அதனால் டிரம் சூடாகும், சரி. ஆனால் சூடானால் மட்டும் டிரம் கோணுவதில்லை. மலையிறங்கி வரும் லாரி டிரம்மில் பீடி பற்ற வைக்கலாம். அது ஆறினால் பழைய வட்டத்துக்குத் தானாக வந்துவிடும். எனக்குப் புரியவில்லை. புரியாததை ஒத்துக்கொள்ளப் பிடிக்காமல் பேரிங்கை மாற்றினேன், வீல் நட்டையெல்லாம் என் கையாலேயே ஒரே அளவு இறுக்கினேன், டிரம்மை இரண்டாம் தடவை கடைந்து மாட்டினேன். கூலி வாங்கவில்லை. வாங்க எனக்கு வெட்கமாக இருந்தது.

சித்திரையில் அந்தக் காரியம் நடந்தது.

செட்டியார் வீட்டுத் தெருவில் காலையில் பாவு நீட்டுவார்கள். தறியில் ஏற்றப் போகிற நூலைத் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டி, குடும்பமே நின்று கஞ்சி தடவி உலர்த்துவது. பாவு கிடக்கும்போது அந்தத் தெருவில் சைக்கிளைக்கூட உருட்டிக்கொண்டுதான் போக வேண்டும். நல்லமுத்து முனையில் திரும்பிப் பிரேக்கை மிதித்திருக்கிறான். பெடல் உதைத்த உதையில் பயந்து ஒரு நொடி காலைத் தளர்த்திவிட்டான். கார் திம்மையா என்கிறவருடைய பாவில் ஏறி, கட்டையும் கயிறுமாக இழுத்துக்கொண்டு போய் நின்றது. நல்லவேளை, ஆளுக்கு அடியில்லை. பதினைந்து நாள் பாடு அறுந்து காரின் அடியில் சுருண்டு கிடந்தது. திம்மையாவின் வீட்டுப் பெண்கள் தெருவிலேயே உட்கார்ந்து அழுதார்களாம்.

செட்டியார் இறங்கிய உடனே, "இவன் குடிச்சிருக்கான்" என்றார். அதற்கு முந்தின வருஷம்தான் சாராயக் கடைகளைத் திறந்துவிட்டிருந்தார்கள். எவனைப் பார்த்துச் சொன்னாலும் ஊர் நம்பத் தயாராக இருந்த நேரம். வாயை ஊதச் சொல்லிப் பார்க்கவில்லை. நேரே தங்கள் சௌடம்மன் கோயிலுக்கு இழுத்துக்கொண்டு போய், உள்ளங்கையில் சூடம் ஏற்றிச் சத்தியம் பண்ணச் சொன்னார். குடிச்சது தப்பு, இனிமேல் குடிக்க மாட்டேன் என்று நல்லமுத்து சூடத்தை அணைத்தான். இது முடிந்ததும் எனக்கும் ஆள் அனுப்பினார். வேலை தெரியவில்லை என்றால் பாய் சொல்லிவிடட்டும், மதுரைக்கு அனுப்பிக்கொள்கிறேன் என்று. அந்த ஆளை நான் அடிக்காமல் அனுப்பியதே பெரிய விஷயம்.

மறுநாள் நல்லமுத்து வண்டியோடு வந்தான். வலது உள்ளங்கையில் எண்ணெய் தடவித் துணி சுற்றியிருந்தான்.

"நீ குடிப்பியாலே?"

"இல்ல பாய்."

"அன்னைக்குக் குடிச்சிருந்தியா?"

"எந்த அன்னைக்கும் குடிச்சதில்ல பாய்."

"பின்னே எதுக்குலே சூடத்தை அணைச்ச? மானங்கெட்ட பயலே!"

அவன் கோபப்படவில்லை. எனக்கு அதுதான் இன்னும் எரிச்சல்.

"குடிச்சேன்னு ஒத்துக்கிட்டா மன்னிப்பு இருக்கு பாய். இல்லேன்னு சொன்னா, எதுத்துப் பேசுறான்னு அன்னைக்கே வெளிய போகச் சொல்லிருவாக. மூணு பிள்ளைகள வச்சுக்கிட்டு நான் எங்க போவேன்? நம்ம பக்கம் மழை இருக்கா, வெள்ளாமை இருக்கா? குடிக்க மாட்டேன்னு சத்தியம் பண்ணுனதுல எனக்கென்ன நட்டம்? எப்படியும் குடிக்கப் போறதில்ல."

"சரி, இனிமே?"

"இனிமே ஒரு தடவை வண்டி உதறுச்சுன்னா நான் திரும்பவும் குடிச்சேன்னு அர்த்தமாம். சாவிய வாங்கிருவாகளாம்." துணி சுற்றிய கையால் என் கையைப் பிடித்தான். "நீங்க ஒண்ணே ஒண்ணு செய்ங்க பாய். வண்டிய நல்லாக்கிக் குடுங்க, போதும். எனக்காக அவுககிட்டப் போயி எதுவும் பேசிராதீக."

தலையை ஆட்டினேன். அப்போதைக்கு ஆட்டினேன், அவ்வளவுதான். எனக்கு அவன் வேலை மட்டும் பிரச்சினையாக இருக்கவில்லை. மதுரைக்கு அனுப்புவாராம். என் வண்டியை, என் கைபட்ட டிரம்மை மதுரையில் எவனோ பிரித்துப் பார்த்துச் சிரிப்பானாம்.

லேத்காரன் மூன்றாம் தடவை கடைந்துவிட்டு, "பாய், இதுக்கு மேல கடைஞ்சா இது டிரம்மு இல்ல, தகரம்" என்று கையில் கொடுத்தான். மாட்டினேன். ஓட்டிப் பார்த்தேன். சுத்தமாக நின்றது. இந்தத் தடவை வண்டியை அப்படியே விடுவதாக இல்லை. வெள்ளிக்கிழமை பட்டறையைப் பூட்டிவிட்டு, பையில் ஜாக்கியும் ஸ்பேனரும் எடுத்துக்கொண்டு நல்லமுத்து பக்கத்தில் முன்சீட்டில் ஏறி உட்கார்ந்தேன். செட்டியார் முகத்தைச் சுளித்தார். "வாங்க பாய், உங்க வேலைய நீங்களே பாத்துக்கிடுங்க" என்றார்.

திருச்சுழி வரை வேலியோரத்துக் கருவேலும் வறண்ட கண்மாயும்தான். ரோட்டில் இருந்ததெல்லாம் ஆடு. பின்னால் இருந்து "மெதுவா, மெதுவா" என்ற சத்தம் நிற்கவே இல்லை. தாலுகா ஆபீஸ் பக்கம், டீக்கடை முன்னால், கிராமத்து முக்கில் என்று பத்துப் பன்னிரண்டு இடத்தில் நிறுத்தினோம். ஒவ்வொரு தடவையும் நான் நல்லமுத்துவின் முகத்தைப் பார்ப்பேன். அவன் 'இல்லை' என்று தலையசைப்பான். உதை இல்லை. திரும்பி வரும்போதும் இல்லை. சூடு மட்டும் இருந்தது. ஷூவில் ஒட்டியிருக்கிற லைனிங் கருகுகிற வாசனை மூக்கில் ஏறியது. பாவெல்லாம் சுருட்டி எடுத்துவிட்ட சாயங்காலத் தெருவில் கார் வீட்டு வாசலில் வந்து நிற்கும் வரைக்கும் பிரேக் நல்ல பிரேக்தான்.

சரி, ஆறட்டும், டிரம்மைத் தொட்டுப் பார்ப்போம் என்று இறங்கினேன். அதற்குள் செட்டியாருடைய வீட்டம்மா லிங்கம்மாள் பித்தளைக் குடத்தோடு வந்தார். குடத்தில் மஞ்சள் கரைத்த தண்ணீர். குனிந்து, இடது முன்சக்கரத்தில் பாதிக் குடத்தை ஊற்றினார். ரிம் ஓட்டைகளுக்குள் தண்ணீர் போய் 'சுர்ர்' என்று ஆவி கிளம்பியது. அந்தப் பக்கம் சுற்றிப் போய் வலது சக்கரத்தில் மீதியை ஊற்றினார். அதிலும் 'சுர்ர்'.

நான் கத்திய கத்தலில் தெருவில் கதவுகள் திறந்தன.

"என்னம்மா பண்றீக! என்ன பண்றீக!"

அவர் பயந்துபோய்க் குடத்தை மாரோடு அணைத்துக்கொண்டார். "வெளியூரு போயிட்டு வந்த வண்டி. காலுக்குத் தண்ணி ஊத்துறேன்."

"எத்தன நாளா?"

"எங்க மாமனார் காலத்துல இருந்து."

செட்டியார் நடுவில் வந்தார். பெண்பிள்ளையிடம் சத்தம் போடுகிற வேலை வேண்டாம் என்றார். அவருடைய அப்பா சேலை மூட்டையோடு வண்டி கட்டிப் போய்த் திரும்பினால், மாட்டுக் காலுக்கும் வண்டிச் சக்கரத்துக்கும் தண்ணீர் ஊற்றிவிட்டுத்தான் வீட்டுக்குள் வருவார்களாம். அது குடும்ப வழக்கமாம். கார் வந்த நாளிலிருந்து காருக்கும் ஊற்றுகிறார்களாம், மாடு பூட்டுகிற பக்கம் முன்பக்கம் என்பதால் முன்சக்கரம் இரண்டுக்கும்.

அவருடைய அப்பா முட்டாள் இல்லை. இந்த வெயில் காய்ச்சலில் மரச்சக்கரம் உலர்ந்து சுருங்கிவிடும், இரும்புப் பட்டை கழன்று உருண்டு போகும். தண்ணீர் ஊற்றினால் மரம் ஊறிப் பட்டையை இறுகப் பிடிக்கும். காரணத்தோடு செய்தார். காரணத்தை அவரோடு அனுப்பிவிட்டு, இவர்கள் குடத்தை மட்டும் வைத்துக்கொண்டார்கள். கொதிக்கிற இரும்பு டிரம்மில், அதுவும் நான் மூன்று தடவை கடைந்து மெலிந்த டிரம்மில், குளிர்ந்த தண்ணீர். தண்ணீர் பட்ட இடம் சட்டென்று சுருங்கும், படாத இடம் அப்படியே நிற்கும், டிரம் கோணிவிடும். ஊரே ஒரு குடத்துக்கு அரைநாள் காத்துக் கிடந்த கோடை அது. என் பெண்டாட்டி மீரான் பீவி விடியுமுன் எழுந்து குழாயடியில் வரிசை போட்டாள். இங்கே என் வேலையைக் கெடுக்க ஒரு குடம், வாரம் இரண்டு தடவை.

நல்லமுத்து மறுபக்கத்தில் நின்றுகொண்டிருந்தான். அவன் ஒவ்வொரு தடவையும் அதைப் பார்த்திருக்கிறான். ஒன்று விடாமல் சொல் என்று நான் கேட்டபோது அவனுக்கு அது சொல்ல வேண்டிய ஒன்றாகவே தோன்றவில்லை. இப்போது புரிந்துவிட்டது. என்னைப் பார்த்துக் கண்ணால் கெஞ்சினான். வேண்டாம், விடுங்கள், நாளைக்கு நானே அம்மாவிடம் தனியாகச் சொல்லி நிறுத்திக்கொள்கிறேன் என்கிற பார்வை. நான் அதைப் பார்த்தேன். பார்க்கவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன். பார்த்தும் விடவில்லை.

ஜாக்கியைப் போட்டேன். சக்கரத்தைத் தூக்கி, திருகை இறுக்கிச் சுற்றினேன். 'சர்', சத்தமில்லை, 'சர்', சத்தமில்லை. "கேளுங்க செட்டியாரே! காலைல இது வட்டமா இருந்துச்சு!"

"சத்தம் வந்தா என்ன? எல்லா வண்டியிலயுந்தான் வரும்."

திருகைப் பழையபடி தளர்த்தி, ஜாக்கியை இறக்கினேன். அவரை முன்சீட்டில் ஏற்றி நானே ஓட்டினேன். தெருக்கோடி வரை போய்த் திரும்பி, வேகம் பிடித்து, அவர் வீட்டுக்கு நேராக மிதித்தேன். கார் தூக்கித் தூக்கிப் போட்டது. அவர் மூக்குக் கண்ணாடி மடியில் விழுந்தது. தெருவே பார்த்தது. திம்மையாவும் பார்த்தார்.

"இப்ப நான் குடிச்சிருக்கேனா?" என்று கத்தினேன். "எங்க, ஊதட்டுமா? காலைல இருந்து உங்ககூடத்தான இருக்கேன்! நல்லமுத்து அன்னைக்குக் குடிக்கல. என்னைக்குமே குடிச்சதில்ல. என் வேலையிலயும் குத்தமில்ல, அவன் மேலயும் குத்தமில்ல. குத்தம் உங்க வாசல்ல இருக்கு!"

எவ்வளவு நன்றாக இருந்தது அதைச் சொன்னபோது. இரண்டு மாதமாக நெஞ்சில் கிடந்தது வெளியே வந்தது.

செட்டியார் கண்ணாடியை எடுத்துத் துடைத்து மாட்டிக்கொண்டு இறங்கினார். என்னை அவர் பார்க்கவில்லை. நல்லமுத்துவிடம் போனார்.

"அன்னைக்கு நீ குடிக்கலையா?"

நல்லமுத்து தலையைக் குனிந்துகொண்டான்.

"கேக்குறேன்ல."

"குடிக்கல முதலாளி."

"அம்மன் முன்னாடி, கையில சூடத்தை வச்சுக்கிட்டு, குடிச்சது தப்புன்னு சொன்னியே. அது பொய்யா?"

நல்லமுத்து துணி சுற்றிய கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனான்.

"குடிச்சவன் தப்ப ஒத்துக்கிட்டான்னு மன்னிச்சேன். அம்மன் முன்னாடி பொய் சொன்னவன என் வாசல்ல வச்சிருக்க முடியாது. சாவிய அம்மாகிட்டக் குடுத்துட்டுப் போயிரு."

நான் குறுக்கே போய் நின்றேன். "நீங்கதான அவனை இழுத்துட்டுப் போயி சொல்ல வச்சீக!"

"நான் சத்தியம் பண்ணச் சொன்னேன். பொய் சொல்லச் சொல்லல."

லிங்கம்மாள் அவர்கள் வீட்டுப் பாஷையில் என்னவோ கோபமாகச் சொன்னார். பிறகு எல்லோருக்கும் கேட்கட்டும் என்றோ என்னவோ தமிழில் சொன்னார். "நான் ஊத்துன தண்ணிக்கு அந்த ஆள ஏன் அனுப்புறீக?" செட்டியார் அவரை உள்ளே போகச் சொன்னார். அவர் போகவில்லை. ஆனால் நல்லமுத்து அவர் கையில் சாவியைக் கொடுத்து, செட்டியாரையும் கும்பிட்டுவிட்டு, தெருவோடு நடந்தான். நான் கூப்பிட்டேன். திரும்பவில்லை.

நாலு நாளில் ஊர் முழுக்கப் பரவிவிட்டது. மஞ்சத் தண்ணியில் பிரேக் கெட்டதை ஜமால் பாய் கூடவே போய்க் கண்டுபிடித்தாராம் என்று லாரிக்காரர்கள் பட்டறையில் வந்து சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். செட்டியார் மதுரையிலிருந்து இரண்டு புது டிரம் வரவழைத்து, மாட்டித் தரச் சொல்லிப் புது டிரைவரை அனுப்பினார். அவனையும் டிரம்மையும் சேர்த்து ரோட்டுக்குத் தள்ளினேன். அன்றைக்கு முழுக்க யாரைப் பார்த்தாலும் அடிக்கலாம் போல இருந்தது.

ஐந்தாம் நாள் நல்லமுத்து வந்தான். கையில் ஒரு துணிப்பை. என்னைத் திட்டத்தான் வந்திருக்கிறான் என்று நினைத்தேன். திட்டினால் நல்லது என்றும் நினைத்தேன்.

"இங்கயே இருலே. லாரி நெறைய வருது. எனக்கும் கைக்கு ஆள் வேணும்."

"இல்ல பாய். பந்தல்குடில ஒரு லாரிக்குக் கிளீனராக் கூப்புட்டிருக்காக. தூத்துக்குடி லோடு. சொல்லிட்டுப் போகலாம்னு வந்தேன்."

பதிமூன்று வருஷம் டிரைவராக இருந்தவன் கிளீனராகப் போகிறான். அதுகூடப் போகட்டும். போன வாரம் வரை அவன் குடித்ததாக நம்பிய ஊர், இப்போது சாமி முன்னால் பொய் சொன்னவன் என்று பேசுகிறது. குடிகாரனுக்கு ஸ்டியரிங்கைக் கொடுப்பார்கள், பொய்யனுக்குக் கொடுக்க மாட்டார்கள். நாக்கு நுனி வரை வந்த மன்னிப்பைச் சொல்லத் தெரியாமல், கையில் இருந்த ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டு நின்றேன்.

அவன் பட்டறையை ஒரு தடவை சுற்றிப் பார்த்தான். வரிசையில் நின்ற வண்டிகளைப் பார்த்தான்.

"உங்க பேரு நல்லாயிருச்சுல்ல பாய்?"

குத்திக் காட்டக் கேட்டிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன். அவன் உண்மையாகவே கேட்டான். என் பேர் சரியாகிவிட்டதா என்று தெரிந்துகொண்டு போக நினைத்தான்.

"நல்லாயிருச்சுலே" என்றேன்.

தலையை ஆட்டிவிட்டுப் போய்ப் பந்தல்குடி பஸ்ஸில் ஏறினான்.